பெரியப்பாவும் அந்த ஐந்து சதவீதமும்

புள்ளியியல் படிக்கிறவனை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. டாக்டருக்குப் படிக்கிறான், இன்ஜினியருக்குப் படிக்கிறான் என்றால் தலையாட்டுவார்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றால், "அதப் படிச்சா பேங்க் பரீட்சை எழுதலாமா?" என்பார்கள். எங்கள் வீட்டில் என் படிப்பை முதன்முதலாக ஒருவர் நம்பியது 2023 ஜனவரியில். நம்பியவர் என் பெரியம்மா. அன்றைக்கு ஏன் தான் நம்பினாரோ என்று இருந்தது எனக்கு.

கதையை முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பாவுக்கு அப்போது 64 வயது. சாத்தூர்ப் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். தூக்கம் வராமல் இருக்க பீடி. தூக்கம் வர பீடி. 2022 வெயில் காலத்தில் ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. மறுநாள் தெளிந்துவிட்டது. "உடம்புச் சூடு" என்று முடிவு கட்டி இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள். நின்றுவிட்டது. மாத்திரையால் நின்றது என்று எல்லோரும் நினைத்தோம். அது தானாக நின்று தானாக வருவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. மூன்றாவது தடவை "கல்லா இருக்கும்" என்றார்கள். இப்படியே எட்டு மாதம்.

டிசம்பரில் ரத்தம் கட்டி கட்டியாக வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டபோதுதான் மதுரைக்குக் கூட்டிப் போனோம். ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் கட்டி தெரிந்தது. ஜனவரியில் சிறுநீர்ப் பாதை வழியாகவே கேமராவை விட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். புற்றுநோய். சிறுநீர்ப்பையின் தசைச் சுவருக்குள் இறங்கிவிட்டது என்று ரிப்போர்ட்.

இந்த "தசைக்குள்" என்கிற ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. சிறுநீர்ப்பைப் புற்று பெரும்பாலானவர்களுக்கு உட்படலத்தோடு நிற்கும்போதே தெரிந்துவிடும். அதைச் சுரண்டி எடுத்து, பைக்குள்ளேயே மருந்து செலுத்தி, வருஷக் கணக்கில் கண்காணித்துக் காலத்தை ஓட்டலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் சுரண்டியது போதாது. வழக்கமான வைத்தியம், பையையே எடுத்துவிடுவது.

எடுத்துவிடலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். பெரியம்மா நகையை எடுத்துக் கொடுத்தாயிற்று. சித்தப்பா ஆபரேஷனுக்கு நாள் பார்த்து வந்திருந்தார். டாக்டர் சொன்னார்: "உடனே ஆபரேஷன் இல்ல. முதல்ல மூணு மாசம் கீமோ. அதுக்கு அப்புறம்தான் ஆபரேஷன்."

பெரியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அய்யா, கட்டி உள்ள இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அத மூணு மாசம் வச்சுக்கிட்டு ஊசி போடுறதா? எட்டு மாசம் சும்மா போச்சே, அது பத்தாதா?"

யோசித்துப் பாருங்கள், நியாயமான கேள்விதானே. வீட்டுக்குள் பாம்பு இருந்தால் முதலில் அடிப்போமா, தோட்டத்துக்கு மருந்து தெளிப்போமா?

டாக்டர் கோபப்படவில்லை. பெரியப்பாவைப் பார்த்து, "உங்க ஊர்ல சீமைக் கருவேலம் உண்டா?" என்று கேட்டார். விருதுநகர் மாவட்டத்துக்காரரிடம் கேட்கிற கேள்வியா அது! "அது மட்டுந்தான் சார் உண்டு" என்றார் பெரியப்பா.

"மரத்த வெட்டிட்டா போயிருதா?"

"எங்க போகும்? வெத கிடக்குமே. ஆடு மாடு தின்னு போற எடமெல்லாம் மொளைக்கும்."

"அதேதான். மரம் கண்ணுக்குத் தெரியுது, அத நான் வெட்டிருவேன். வெத ஸ்கேன்ல தெரியாது. ஏற்கெனவே வெளிய போயிருச்சான்னு எனக்கும் தெரியாது. இந்த ஊசி மரத்துக்கு மட்டும் இல்ல, வெதைக்கும்."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. தசைக்குள் இறங்கிய புற்றுக்குப் பையை எடுத்தாலும், ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து ஆண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்பதுதான் பழைய அனுபவம். பெரும்பாலும் வெட்டியது சரியில்லை என்பதால் அல்ல. வெட்டும்போதே நுரையீரலிலோ எலும்பிலோ கல்லீரலிலோ கண்ணுக்குத் தெரியாத அளவில் செல்கள் போய் உட்கார்ந்திருந்ததால்.

அப்படியானால் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு ஊசி போட்டால் என்ன? இதைக் கேட்டது நான். அது பெரிய ஆபரேஷன், அதற்குப் பிறகு பலர் கீமோ தாங்குகிற நிலைக்குத் திரும்பி வருவதே இல்லை என்றார் டாக்டர். தொற்று, எடை குறைவு, சிறுநீரகக் கோளாறு என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். உடம்பில் தெம்பு இருக்கிறபோதே கொடுத்துவிட வேண்டும். இன்னொன்று, கட்டி உள்ளே இருந்தால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க முடியும். வெட்டி எறிந்த பிறகு எதை வைத்துப் பார்ப்பது?

எல்லோருக்கும் இந்த ஊசி முடியாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. முக்கிய மருந்து சிஸ்பிளாட்டின். அது சிறுநீரகத்தையும் காதையும் நரம்பையும் பதம் பார்க்கும். பெரியப்பாவுக்குக் கட்டி ஒரு பக்கத்துச் சிறுநீர்க் குழாயின் வாயை அடைத்திருந்தது. கிரியாட்டினின் 1.6. இந்த நிலையில் கொடுக்க முடியாது என்றார்கள். முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு குழாய் போட்டு, தேங்கியதை வடித்தால் இறங்குகிறதா பார்க்கலாம் என்றார்கள். இறங்கினால் கீமோ, இறங்காவிட்டால் நேரே ஆபரேஷன்.

அன்று ராத்திரி வீட்டுத் திண்ணையில் குடும்ப மாநாடு. "கத்தி பட்டா பரவிரும், ஊசியும் வேணாம் கத்தியும் வேணாம், நாட்டு மருந்து பாப்போம்" என்றார் அத்தை. சித்தப்பாவுக்கு உடனே ஆபரேஷன் செய்கிற வேறு ஆஸ்பத்திரி வேண்டும். பெரியப்பா வாயே திறக்கவில்லை. பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ கணக்குப் படிக்கிற புள்ளதான. அந்த ஊசி போட்டா எத்தன பேரு பொழைக்கிறாங்கன்னு நீ பாத்துச் சொல்லு. நீ சொல்றபடி செய்வோம்."

அப்போது நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் பையில் சிவப்புப் பந்து எத்தனை, நீலப் பந்து எத்தனை என்கிற கணக்குதான்.

விடிய விடியப் படித்தேன். இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை. 1987 முதல் 1998 வரை பதினொரு வருஷம் நோயாளிகளைச் சேர்த்து, 2003ல் வெளியிட்டார்கள். 317 பேர். ஒரு குழுவுக்கு நேரே ஆபரேஷன். இன்னொரு குழுவுக்கு நான்கு மருந்து சேர்ந்த கீமோ மூன்று சுற்று, பிறகு ஆபரேஷன். பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம், அதாவது நம் பாடத்தில் வருகிற இடைநிலை அளவு, ஆபரேஷன் மட்டும் என்றால் 46 மாதம். கீமோவும் சேர்த்தால் 77 மாதம். எடுத்த பையைச் சோதித்துப் பார்த்தபோது புற்றே இல்லாமல் இருந்தவர்கள் 15 சதவீதம் ஒரு பக்கம், 38 சதவீதம் மறுபக்கம். பெரியம்மா பயந்த விஷயத்துக்கும் அதில் பதில் இருந்தது. கீமோவுக்காகக் காத்திருந்ததால் ஆபரேஷனுக்கே போக முடியாமல் போனவர்கள் அதிகமா என்று பார்த்தால், இல்லை. இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தினர் ஆபரேஷன் வரை போயிருந்தார்கள்.

46 எங்கே, 77 எங்கே! துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஆனால் பாருங்கள், புள்ளியியல் படித்த பாவம் சும்மா விடவில்லை. பி மதிப்பு எவ்வளவு என்று தேடினேன். 0.06. வகுப்பில் நம் வாத்தியார் 0.05 என்று கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே, அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே. பரீட்சையில் இந்தக் கணக்கு வந்தால் "வேறுபாடு குறிப்பிடத்தக்கதல்ல" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். திண்ணையில் பெரியம்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை.

ஒரு சோதனையை மட்டும் நம்பாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. அப்படிச் சேர்த்தவர்களும் இருந்தார்கள். 11 சோதனைகள், 3005 பேர். 2005ல் வந்த கூட்டு ஆய்வு. சிஸ்பிளாட்டினோடு வேறு மருந்தும் சேர்த்து முன்கூட்டியே கொடுத்தால், ஐந்து ஆண்டு கடந்து உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு 45ல் இருந்து 50 ஆகிறார்கள். இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லாத வேறுபாடு.

சந்தேகமில்லை, சரி. ஆனால் ஐந்து. நூற்றுக்கு ஐந்தே பேர்.

இதைத் தமிழில் பெரியம்மாவுக்கு எப்படிச் சொல்வது? காலையில் அடுப்படியில் அரிசி டப்பாவைத் திறந்து, இருபது அரிசியைத் தரையில் வைத்தேன். "பெரியம்மா, இது இருபது பேரு. எல்லாருக்கும் பெரியப்பா மாதிரியே நோவு. ஊசி போடாம ஆபரேஷன் மட்டும் பண்ணா அஞ்சு வருஷம் கழிச்சு ஒம்பது பேரு இருப்பாங்க. ஊசியும் போட்டா பத்துப் பேரு."

பெரியம்மா அந்தப் பத்தாவது அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா பின்னாலிருந்து, "ஒரே ஒரு ஆளுக்காகவா இருவது பேரும் மூணு மாசம் வாந்தி எடுக்கணும்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, இன்றும் முழுசாக இல்லை. பெரியம்மாவிடம் இருந்தது. "அந்த ஒரு ஆளு யாருன்னு தெரியாதுல்ல? அப்ப எல்லாரும்தான் போடணும்."

எனக்கு இரண்டு வருஷமாக வாத்தியார்கள் சொல்லிக்கொடுக்க முயன்றதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

குழாய் போட்டதும் கிரியாட்டினின் இறங்கியது. பத்து நாளில் 1.0. பிப்ரவரியில் கீமோ தொடங்கியது. ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்று இரண்டு மருந்து. முதல் நாள் இரண்டும், எட்டாம் நாள் ஜெம்சிடபின் மட்டும், 21 நாளுக்கு ஒரு சுற்று. மொத்தம் நான்கு சுற்று. கல்லூரி லீவில் எல்லாம் நான்தான் கூடப் போவேன். சிஸ்பிளாட்டினுக்கு முன்னாலும் பின்னாலும் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவார்கள், சிறுநீரகம் தாங்க வேண்டும் என்று. பெரியப்பா போகிற சிறுநீரை அளவு குறித்த ஜாடியில் பிடித்து நோட்டில் எழுதுவது என் வேலை. "தம்பி, டீசல் கணக்கு மாதிரி எழுதுறியே" என்று கிண்டல் செய்வார்.

இந்த சிஸ்பிளாட்டின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து தேடிக் கண்டுபிடித்ததில்லை இது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவர், மின்சாரம் பாய்ச்சினால் பாக்டீரியா எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிரியாமல் நூல் நூலாக நீண்டுகொண்டே போயிற்று. மின்சாரம்தான் காரணம் என்று நினைத்துத் தேடினால், மின்முனையில் இருந்த பிளாட்டினம் கரைந்து உண்டான சேர்மம்தான் செல் பிரிவதைத் தடுத்திருக்கிறது. 1965ல் அதை வெளியிட்டார். பிரிந்து பெருகுவதுதான் புற்றின் தொழில் என்பதால் அங்கே முயன்றார்கள். 1978ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. வேறொன்றைத் தேடப் போய்க் கிடைத்த மருந்து பெரியப்பாவின் கையில் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது.

சும்மா ஏறவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வாய்க்கு எதுவும் பிடிக்காது. தாளிக்கிற வாசனை வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு காதுக்குள் இரைச்சல். "வண்டியவே வித்தாச்சு, இன்ஜின் சத்தம் மட்டும் காதுக்குள்ளயே நிக்குது" என்றார். சிரித்தோம், ஆனால் டாக்டர் சிரிக்காமல் காதைப் பரிசோதிக்க அனுப்பினார். மூன்றாவது சுற்றில் ரத்த அணுக்கள் குறைந்து எட்டாம் நாள் ஊசியை நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. "நீ சொல்றபடி செய்வோம்" என்று பெரியம்மா சொன்னது காதிலேயே இருந்தது. காய்ச்சல் வந்து, கிருமி தாக்கி ஏதாவது ஆகியிருந்தால், 3005 பேரின் கணக்கைக் காட்டி யாரிடம் என்ன சொல்லியிருப்பேன்?

பாதி வழியில் எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. சில பேருக்கு மருந்து கேட்காமல் வளர்வதும் உண்டு, அப்படியானால் கீமோவை நிறுத்திவிட்டு ஆபரேஷனுக்குப் போய்விடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தார் டாக்டர். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கப் போனபோது என் கை நடுங்கியதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

ஜூனில் ஆபரேஷன். சிறுநீர்ப்பை, புராஸ்டேட், சுற்றியிருந்த நிணநீர்க் கணுக்கள் எல்லாம் எடுத்தார்கள். சிறுகுடலில் ஒரு சாண் நீளம் வெட்டி, சிறுநீர்க் குழாய்களை அதில் இணைத்து, வயிற்றின் வலது பக்கம் ஒரு வாய் வைத்து, வெளியே பை ஒட்டிவிட்டார்கள். அந்தப் பையோடு பழக பெரியப்பாவுக்கு நாலு மாதம் ஆனது. கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, பஸ் ஏறுவதில்லை. இப்போது வேட்டிக்கு மேல் சட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார். பீடி இல்லை.

ரிப்போர்ட் வந்தது. பையில் உட்படலத்துக்கு அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தசையில் இல்லை. கணுக்களில் இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "ஊசி வேல செஞ்சிருச்சு பாத்தியா!" என்று என் முதுகில் தட்டியவர் வேறு யாருமல்ல, அதே சித்தப்பா. :-) நான் சிரித்து வைத்தேன். ஆனால் எனக்குத் தெரியும், அதை நிரூபிக்க முடியாது. முதலில் சுரண்டியபோதே பெரும்பகுதி போயிருக்கலாம். ஊசியே போடாமல் இருந்தாலும் பிழைக்கிற அந்த ஒன்பது பேரில் அவர் ஒருவராக இருந்திருக்கலாம். பத்தாவது ஆளாகவும் இருக்கலாம். ஊசி போடாத இன்னொரு பெரியப்பா இருந்தால்தான் ஒப்பிட முடியும். எனக்கு இருப்பது ஒரே ஒரு பெரியப்பா.

அதன் பிறகு நிலைமை இன்னும் முன்னேறியிருக்கிறது. 2024ல் 1063 பேரை வைத்துச் செய்த ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. இதே இரண்டு மருந்துகளோடு டர்வாலுமாப் என்கிற நோய் எதிர்ப்பு மருந்தை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சேர்த்தால், இரண்டு ஆண்டு கடந்தவர்கள் 75.2 சதவீதத்தில் இருந்து 82.2 சதவீதம் ஆனார்கள். 2025ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. ஐந்து, ஏழு என்று இப்படிச் சின்னச் சின்ன எண்களாகத்தான் மருத்துவம் நகர்கிறது. பேப்பரில் "புற்றுநோய்க்கு முடிவு கட்டும் அதிசய மருந்து" என்று வருகிற செய்திகளை நான் இப்போது படிப்பதே இல்லை.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. ஸ்கேனில் இதுவரை எதுவும் இல்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, மனதில் இருந்ததைப் பெரியப்பாவிடமே சொல்லிவிட்டேன். "பெரியப்பா, அந்த ஊசிதான் உங்களக் காப்பாத்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒருவேளை சும்மா கஷ்டப்படுத்திட்டோமோன்னு எனக்குத் தோணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் முப்பது வருசம் வண்டி ஓட்டுனேன். ஒவ்வொரு தடவையும் எடுக்குறதுக்கு முன்னாடி இறங்கி எல்லா டயரையும் ராடால தட்டிப் பாப்பேன். அதுல எத்தன தடவ என்னைய அது காப்பாத்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தட்டாம எடுத்ததில்ல, அவ்வளவுதான்."

எம்.எஸ்சி.யில் இப்போது இதே சோதனைகளைப் பாடமாகப் படிக்கிறேன். 0.05 கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை திண்ணைகள் இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றிவிடுகிறது. அது நல்லதா கெட்டதா தெரியவில்லை, மார்க் மட்டும் கூடவில்லை.

கடைசியாக, இதைப் படிக்கிற நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது, முக்கியமாகப் புகைபிடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு, வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், ஒரே ஒரு தடவை போய் நின்றுவிட்டாலும், "சூடு" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம் என்கிறார்கள். எங்கள் கல்லூரி டீக்கடைக்குப் பின்னால் நின்று ஊதுகிறவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்!

ஆபரேஷனுக்கு முன் கீமோ வேண்டும் என்று டாக்டர் சொன்னால், தள்ளிப் போடுகிறார் என்று நினைக்காதீர்கள். ஏன், எத்தனை சுற்று, சிறுநீரகம் தாங்குமா, நடுவில் எப்போது ஸ்கேன், கேட்காவிட்டால் அடுத்து என்ன என்று உட்கார்ந்து கேளுங்கள். நாங்கள் அந்த எட்டு மாதத்தைத்தான் வீணடித்தோம். இந்த மூன்று மாதத்தை அல்ல.